ஓலை செருகத் தெரியாத குஞ்சு

வாங்க, மேல வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, மொட்டை மாடிதான், பூரா எச்சமும் தினை உமியுமாக் கெடக்குது. அந்தச் சேர்ல உக்காராதீங்க, நேத்து ஒருத்தர் அதுல உக்காந்து வேட்டியைக் கெடுத்துக்கிட்டுப் போனாரு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நீங்கதானுங்களே அர்த்தநாரி? பூபதியோட அப்பா? மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. உங்க பையனுக்கும் இதே நெத்திதான், தேவைக்கு மேல கொஞ்சம் எச்சா.

எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியுமுங்க. இருங்க, இருங்க, நீங்க சொல்லவே வேண்டாம். என்ற புள்ள தாரணியும் உங்க பையனும் ஒரே பேங்க்ல வேலை செய்யறாங்க, கட்டுனா அவனைத்தான் கட்டுவேன்னு இவ நிக்கறா, இவளைத்தான் கட்டுவேன்னு அவன் நிக்கறான். நீங்க பெத்தவரு, பையன் மூஞ்சி வாடறது பொறுக்காம, சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் பொண்ணுக் கேட்டு வந்திருக்கீங்க. எனக்குப் பதில் சொல்ல ஒரு நிமிசம் ஆகாதுங்க. ஆனா சும்மா முடியாதுன்னு சொல்லி அனுப்புனா, சென்னியப்பன் திமிர் புடிச்சவன்னு போற பக்கமெல்லாம் சொல்லுவீங்க. அதனால காரணத்தோட சொல்றேன். காரணம் இந்தக் கூண்டுக்குள்ளதான் இருக்குது. காப்பி வரும், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

இதெல்லாம் ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்ஸுங்க. கடைவீதில மஞ்சளும் நீலமுமாச் சின்னதாத் தொங்க உட்டிருப்பாங்களே, அது இல்ல. அதை வளக்கறவங்களை நான் ஒரு ஆளாவே மதிக்கறதில்ல. இந்த வரிசையைப் பாருங்க, இது பீச் பேஸ். மூஞ்சி செவப்பு, முதுகு பச்சை. அந்த வரிசைல இருக்கறது பிஷர். அதுக்கும் மூஞ்சி செவப்பு, முதுகு பச்சை. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். தெரியட்டும், உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, கவனிச்சுப் பழகுனவங்களுக்குத்தான் தெரியும். பிஷருக்கு மட்டும் கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்குது பாருங்க, சுண்ணாம்புல போட்டாப்புல.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஓலைல இருக்குதுங்க. தென்னை ஓலையைக் கூண்டுக்குள்ள போட்டா ரெண்டு சாதியும் அலகால நீள நீளமாக் கிழிக்கும், கூடு கட்ட. பிஷர் என்ன பண்ணும்? கிழிச்ச ஓலையை வாயில கவ்விக்கிட்டுப் போகும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நம்ம பீச் பேஸ் அப்படி இல்லீங்க. கிழிச்சதை ஒண்ணொண்ணா முதுகுப் பக்கம், வாலுக்கு மேல இருக்கற எறகுக்குள்ள செருகிக்கும். கொண்டையில பூ வைக்கற மாதிரி அத்தனை நேர்த்தியாச் செருகிக்கிட்டு, ஒரே நடைல எல்லாத்தையும் கூட்டுக்குக் கொண்டு போயிரும். யாரும் சொல்லித் தரலைங்க. ரத்தத்துலயே இருக்குது.

நம்ம ரெண்டு குடும்பமும் அப்படித்தானுங்க. வெளியூர்க்காரன் பாத்தா ஒண்ணுதான்னு சொல்லுவான். ஒரே சாமி, ஒரே கொழம்பு, ஒரே பேச்சு. ஆனா நாங்க ஆத்துக்கு மேல்கரை, நீங்க கீழ்கரை. நாங்க சீர்த்தட்டுல தேங்காயைக் குடுமி எடுத்துத்தான் வைப்போம். நீங்க குடுமியோட வைப்பீங்க. என்னங்க சிரிக்கறீங்க? அட, சிரிக்கலைங்களா, சரி. ஒரு குடுமியில என்ன இருக்குதுன்னு என்ற புள்ளயும் கேட்டா. கண்ணைச் சுத்தி இருக்கற வளையங்கூடத்தான் சின்னது. அதை வச்சுத்தான இது வேற அது வேறன்னு சொல்றோம்? எங்கய்யன் ஒருக்கா குடுமித் தேங்காயைப் பாத்துட்டுப் பாதிப் பந்தியில எந்திரிச்சு வந்துட்டாரு. பாயசம் அப்பத்தான் ஊத்திட்டு இருந்தாங்களாம். அவருக்குப் பாயசம்னா உசிரு. அப்பேர்ப்பட்ட வம்சமுங்க இது.

சொல்லுங்க? இல்ல, நீங்க அப்பறம் சொல்லுங்க. நான் முதல்ல முடிச்சர்றேன்.

நான் சிமெண்ட் கடையைத் தம்பிகிட்ட உட்டுட்டு இதுல எறங்குனவனுங்க. கலப்பில்லாத சுத்தமான வம்சம் வச்சிருக்கறவன் இந்த ஈரோட்டுல நான் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் போனைப் பாத்துப் பறவை வளக்கறவன். எல்லாத்தையும் ஒரே கூண்டுல அடைச்சு உட்டுட்டு, பொறந்த குஞ்சுக்கு வாயில நுழையாத இங்கிலீஸ் பேரா வச்சு, புது ரகமுன்னு வித்துப்போடறான். வாங்கறவனும் ஆகா ஓகோங்கறான். ரெண்டு பேருக்கும் சேத்து மூளை ஒரு தினை அளவு. கோயமுத்தூர் கண்காட்சில அப்படி ஒருத்தன் என்கிட்ட வந்து, அண்ணா உங்க பறவை சூப்பருன்னான். நான் அவன் பறவையைப் பாத்தேன், அவனைப் பாத்தேன், கெளம்பி வந்துட்டேன்.

இந்தப் பொட்டையைப் பாருங்க. நடுக்கூண்டு, தலையைச் சாச்சுக்கிட்டு உங்களையே பாக்குது பாருங்க. கிட்டக் கொண்டு போகாதீங்க வெரலை, எடுத்துரும். நான் பறவைக்குப் பேரு வைக்கறவன் இல்லீங்க, அதெல்லாம் சின்னப் புள்ளைங்க சோலி. இதை மட்டும் அம்மிணின்னு கூப்புடறது. அது பேரு இல்லீங்களே, சும்மா கூப்புடறதுதான். இந்தக் கூண்டு பூராவுலயும் இதுக்கு ஈடு கெடையாது. முட்டையிலிருந்து வந்து கண்ணு முழிக்கறதுக்கு முன்னால இருந்து என் கையில ஊட்டி வளத்தது. நிறம், உருவம், நிக்கற தோரணை, எல்லாம் அப்படியே புடிச்சு வச்சாப்புல. அதுக்குப் பொருத்தமா ஒரு சேவலைச் சேத்துட்டா, அந்த வம்சத்தை எவனும் தொட முடியாது. எல்லாத்தையும் அப்படித்தான் திட்டம் போட்டு வச்சிருந்தனுங்க.

முதல்ல சேலத்துலருந்து ஒரு சேவல் கொண்டாந்தேன். பரிசு வாங்குனது. உள்ள உட்ட அன்னைக்கே இது அதோட கால் வெரலைக் கடிச்சுத் துண்டாக்கிருச்சு. சரி, சின்னதுக்குக் கோவம், பழகிருமுன்னு உட்டுப் பாத்தேன். அந்தச் சேவல் மூலையில போய்த் தொங்குனது தொங்குனதுதான். அப்பறம் பெங்களூர்லருந்து ஒண்ணு, டிரைவர் மடியிலயே வச்சுக் கொண்டாரச் சொன்னது. அதை ஒருக்காத் திரும்பிக்கூடப் பாக்கலைங்க. அதைவிடக் கேவலம் உண்டுங்களா? கடிச்சாலாவது ஒரு மரியாதை. மூணாவதும் கொண்டாந்தேன். அதுக்கும் முதுகைக் காட்டி உக்காந்துக்கிச்சு.

என்ற ஊட்டுக்காரி சரசு என்ன சொன்னா தெரியுங்களா? "கீழ ஒருத்திக்கு மாப்பிள்ளையாக் கொண்டாந்து நிறுத்தறீங்க, மேல ஒருத்திக்குச் சேவலாக் கொண்டாந்து நிறுத்தறீங்க. ரெண்டு பேருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. கேக்கறதாமா! பறவைகிட்டப் போய் யாராவது கேப்பாங்களா? அவளுக்கு எப்பவுமே இந்த நக்கல்தான். அப்ப தாரணிக்குப் பெருந்துறைல ஒரு இஞ்சினியர் பாத்திருந்தோம், நல்ல எடம். இவ வந்தவங்களுக்குக் காப்பி குடுத்துட்டு, "எனக்கு இஷ்டமில்லீங்க, உங்களை வரச்சொல்லி அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க"ன்னு அவங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டா. மரியாதையாத்தான் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் எரியுது. எங்கய்யனுக்கு எதுத்து நான் ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. அவரு கையைக் காட்டுனாரு, நான் சரசுவைக் கட்டுனேன். நாங்க நல்லா இல்லீங்களா? அவகிட்ட வேணா கேளுங்க. இல்ல, இப்பக் கேக்காதீங்க.

எதுல உட்டேன்? ஆங், அம்மிணி. ஒரு நாள் காத்தால வந்து பாக்கறேன், இது கம்பிக்கு ஓரமா ஒட்டி உக்காந்திருக்குது. பக்கத்துக் கூண்டுல ஒரு பிஷர் சேவல். ஒரு கண்காட்சியும் பாக்காதது, எறகு ஒழுங்கில்லாதது, எதுக்கு இருக்குதுன்னே தெரியாம இருந்தது. அது கம்பி வழியா இதுக்குத் தினை ஊட்டிட்டு இருக்குதுங்க! இது கண்ணை மூடி வாங்கித் திங்குது. சேலத்துச் சேவலோட வெரலைக் கடிச்சவ, அந்தப் பரதேசிகிட்டத் தலையைக் குடுத்துச் சொறியச் சொல்லிட்டு நிக்கறா. எனக்கு அப்படியே ரத்தம் மண்டைக்கு ஏறிருச்சு.

நடுவுல ஒரு அட்டையை வச்சேன். கடிச்சுத் தூளாக்கிருச்சு. தகரத்தை வச்சேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் அது கத்தும், இந்தப் பக்கம் இது கத்தும். பிஷரைத் தூக்கிக் கொண்டுபோய்க் கீழ குளியலறைல வச்சேன். அங்கிருந்து கத்துச்சு. அப்பறம் இது கத்தறதை நிறுத்திக்கிச்சு. அதுதான் மோசமுங்க. தினையைத் தொடலை, நெஞ்செறகைப் பூரா அதுவே புடுங்கிப் போட்டுக்கிச்சு. பச்சைப் பறவை, நடு நெஞ்சு மட்டும் கோழி உரிச்சாப்புல.

அதே சமயத்துலதான் உங்க பையன் விசயம் தெரிஞ்சு தாரணி போனைப் புடுங்கி நான் பீரோல வச்சேன். அவளும் சாப்புடாமக் கெடந்தா. ரெண்டும் ஒரே நேரத்துல! ஒருத்தன் யாரைத்தான் பாப்பான், சொல்லுங்க? நான் பறவையைத்தான் பாத்தேன். வாயில்லாச் சீவன் பாருங்க. என்ற புள்ளைக்கு வாய் இருக்குது, பசிச்சாக் கேக்கப்போறா. அதுக்கு நான் வேப்பங்கொழுந்து என்ன, ஊற வச்ச பயறு என்ன, கைல வச்சுக் கெஞ்சியிருக்கறேன். "இதுல பாதி கெஞ்சல் கீழ வந்து கெஞ்சுனா என்ன?"ன்னு சரசு கேட்டா. பொம்பளைங்களுக்கு எது எங்க பேசறதுன்னே தெரியாதுங்க.

கடைசில பிஷரைக் கொண்டாந்து ஒரே கூண்டுல உட்டேன். இருங்க, தப்பா நெனைக்காதீங்க, எறங்கிப் போகலை. எனக்கொரு யோசனை. சேரட்டும், குஞ்சு பொரிக்கட்டும், அது எந்த லட்சணத்துல வருதுன்னு தாரணியைக் கூப்புட்டுக் காட்டுவோம், அவளுக்கும் புத்தி வருமுன்னுதான். வேற காரணம் ஒண்ணுமில்ல. அன்னைக்குச் சாயங்காலமே அம்மிணி தினை தின்னுச்சு. அதுக்காக இல்லீங்க.

வந்துச்சுங்க குஞ்சு. அஞ்சு முட்டைல ரெண்டு. ஒண்ணு போயிருச்சு, ஒண்ணு நின்னுச்சு. அதோ, கீழ் கம்பில இருக்குது பாருங்க. கண்ணைப் பாருங்க, வளையம் இருக்குதுங்களா? இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அழிச்ச கோடு மாதிரி. அதுகூடப் போகுதுங்க, அது ஓலை எடுக்கற கூத்தைப் பாக்கணும். அம்மா வழில செருகணுமுன்னு தோணுது, அப்பன் வழில கவ்வணுமுன்னு தோணுது. ஓலையைக் கிழிக்கும், தலையைப் பின்னால திருப்பி எறகுக்குள்ள வைக்கும், ஆனா வாயை உடாது. அப்படியே திரும்ப வெளிய வந்துரும். இல்லைன்னா தலைகீழாச் செருகும், ரெண்டு எட்டு வச்சா உழுந்துரும். உழுந்ததை எடுக்கும், திரும்பச் செருகும், திரும்ப உழும். நாள் பூரா இதே பொழப்பு. கூட்டுக்கு ஒரு ஓலை போய்ச் சேராது. இதைவிடக் கேவலமான காட்சியை நான் பாத்ததே இல்லீங்க. காத்தால எந்திரிச்சதும் காப்பிகூடக் குடிக்காம மாடிக்கு வந்து இதைத்தான் பாக்கறேன்.

சன்னமாக் கிழிச்சுப் போட்டா நிக்குமோன்னு நானே பிளேடு வச்சு ஓலையைக் கிழிச்சுப் போட்டேன். நிக்கல. கொஞ்சம் நனைச்சுப் போட்டேன். அதுவும் நிக்கல. உதவறதுக்கு இல்லீங்க, எவ்வளவு தூரம் மக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்.

அப்பத்தான் தாரணியைக் கூப்புட்டேன். "வந்து பாரு, கரை மாறிக் கட்டுனா இதுதான் கதி, அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம"ன்னேன். அவ வந்தா, இந்த ஸ்டூல்லதான் உக்காந்தா, நீங்க உக்காந்திருக்கற எடத்துல. ரொம்ப நேரம் பாத்தா. அந்தக் கழுதை ஓலையைக் கிழிச்சுச்சு, தலையைப் பின்னால திருப்பிச்சு, எறகுகிட்டக் கொண்டுபோச்சு, வைக்கலை. திரும்பிச்சு, வாயில கவ்வுனபடியே நேராக் கூட்டுக்குள்ள போயிருச்சு! அத்தனை மாசத்துல அதுதான் முதல் ஓலை. "அப்பா, கொண்டுபோயிருச்சு பாருங்க"ன்னு சொல்லிட்டு அவ கீழ எறங்கிப் போயிட்டா. நான் காட்டறதுக்குக் கூப்புட்டது என்ன, அது காட்டுனது என்ன! சனியன், அன்னைக்குப் பாத்துத்தான் அதுக்கு அறிவு வரணுமா?

இப்பவும் அது அப்படித்தான் பண்ணுது. ஒருக்காத் தலையைப் பின்னால திருப்பும், சும்மா, அம்மாவுக்கு ஒரு கும்புடு போடற மாதிரி. அப்பறம் வாயிலயே கொண்டு போகும். கூடு என்னமோ கட்டிருச்சு. நல்லாத்தான் கட்டிருக்குது. ஆனா என்ன பிரயோசனம்? இந்த ரெண்டும் கலந்த குஞ்சு முட்டை வைக்கும், பொரிக்காதுங்க. வம்சம் அதோட முடிஞ்சுது. அதான் நான் சொல்ல வந்தது. மேல்கரை மேல்கரையோட, கீழ்கரை கீழ்கரையோட. என்ற புள்ளையை உங்க ஊட்டுக்குத் தர முடியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல.

இந்தாங்க, சரசு காப்பி வச்சுட்டுப் போறா பாருங்க. குடிங்க. இப்பச் சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே.

என்னங்க?

இன்னொருக்காச் சொல்லுங்க. காதுல சரியா உழுகலை.

பொண்ணுக் கேட்டு வரலைங்களா? அப்பறம்?

ஓகோ. பூபதிக்கு உங்க பக்கத்துலயே எடம் முடிச்சு வச்சிருக்கீங்க. அவன் மசிய மாட்டேங்கறான். அதனால நான் என்ற புள்ளைகிட்டச் சொல்லி, உங்க பையனை உட்டு ஒதுங்கச் சொல்லணும். உங்களுக்கும் கலப்பு ஆகாது. நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் நூத்துக்கு நூறு உங்க மனசுல இருக்கறதுதான். அப்படித்தானுங்களே சொன்னீங்க? மேல்கரைப் புள்ளைங்க உங்க ஊட்டுக்குச் சரிப்பட்டு வராது?

சரிப்பட்டு வராதா?

யாரு, தாரணியா? ஏனுங்க, நீங்க அவளைப் பாத்திருக்கீங்களா? எம்.எஸ்ஸி.ல காலேஜுக்கே முதல் ஆளு. அந்த பேங்க்ல மேனேஜரே இவகிட்டக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடறாரு. பிடிக்காததைப் பிடிக்கலைன்னு நேருக்கு நேரா, சிரிச்சுக்கிட்டே, மரியாதையாச் சொல்லத் தெரிஞ்ச புள்ளைங்க அது. இந்த ஜில்லாவுல எத்தனை பேருக்கு அது தெரியும்? உங்களுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது! அவ உங்க நெத்திக்காரப் பையனைப் போனாப் போகுதுன்னு ஏறெடுத்துப் பாத்ததுக்கு, நீங்க உங்க கொலசாமிக்குப் பொங்கல் வச்சிருக்கணும். அதை உட்டுப்போட்டு என்ற ஊட்டு மாடில, என்ற ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, என்ற காப்பியைக் கைல வச்சுக்கிட்டு, அவ வேண்டாங்கறீங்க. வேண்டாமுன்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான். அதை உங்களுக்கு யாரு குடுத்தா?

என்ன, நானே சொன்னனா? கலந்தா வம்சம் நிக்காதுன்னா? அட, அது குருவிய்யா! குருவிக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? கண்ணைச் சுத்தி வளையம் இருக்குதுன்னு சொன்னா, உங்க கண்ணைச் சுத்தி இருக்குதுன்னு அர்த்தமா? தேங்காக் குடுமியாமா, குடுமி! ஒரு குடுமியைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்களே, வெக்கமா இல்ல? ரெண்டு சின்னஞ்சிறுசுக சோறு தண்ணி இல்லாமக் கெடந்திருக்குதுக, அதுகளைப் பிரிக்கறதுக்குப் படியேறி வந்திருக்கீங்க. கீழ்கரைக்காரங்களுக்கு ஈவு எரக்கமே இல்லைன்னு எங்கய்யன் சொல்லுவாரு, சரியாத்தான் சொல்லியிருக்கறாரு.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. தாம்பூலம் மாத்தாம நீங்க இந்தப் படி எறங்க முடியாது. சரசு! ஏ சரசு! வெத்தலை பாக்கை எடுத்துக்கிட்டு மேல வா. தாரணி எங்க? கூப்புடு அவளை.

ஆங், இங்கதான் நிக்கறயா? படியிலயே நின்னு கேட்டுக்கிட்டா இருந்த? எப்ப வந்த? இப்பத்தானா? சரி, வா அம்மிணி, இப்படி வந்து நில்லு. இவங்கதான் அந்தப் பையனோட அப்பா. அட, அழாத, எதுக்கு இப்ப அழுகறே? நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும். இதுவரைக்கும் கேட்டதில்ல, சரி, அதுக்கென்ன இப்ப, கேக்கறேன். உனக்கு அந்தப் பையன் வேணுமா?

என்ன? நான் என்ன சொன்னேனா? நீ உன்ற பதிலைச் சொல்லாம எதுக்கு என்னைக் கேக்கற? நான் என்ன சொல்லுவேன், சரின்னுதான் சொன்னேன். அப்படிப் பாக்காத. நெசமாத்தான்.

ஏனுங்க, அர்த்தநாரி. பேசவே உடலைன்னு இவ்வளவு நேரம் நெளிஞ்சீங்களே, இப்பப் பேசுங்க. புள்ளை கேக்கறா பாருங்க, வாயைத் தொறந்து சொல்லுங்க. நான் ஆரம்பத்துலருந்தே சரின்னுதானுங்களே சொல்லிட்டு இருந்தேன்?